வஞ்சிரம் தெரியாத திரை

கயாக்கில் ‘எக்கோ’ பொருத்திக் கடலுக்குள் போக நினைக்கும் சென்னைக்காரர்களுக்கு

நொச்சிக்குப்பம் லூப் ரோடு மீன் சந்தையில் எல்லாரும் முதலில் விலை கேட்பது வஞ்சிரத்துக்குத்தான். மீன் சமைக்கும் மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் விருந்து என்றால், வட்டமாக வெட்டிய வஞ்சிரத் துண்டுகள் மசாலா பூசித் தோசைக்கல்லில் கிடக்க வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்குத் தேவைப்படாத, பிடிக்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி இந்த மீனிடம் உண்டு. வஞ்சிரத்தின் வயிற்றுக்குள் காற்றுப் பை கிடையாது.

பெரும்பாலான எலும்பு மீன்கள் தண்ணீரில் மிதக்கவும் ஆழம் மாறவும் உடம்புக்குள் ஒரு காற்றுப் பையை வைத்திருக்கின்றன. மீன் தேடும் கருவி அந்தப் பையைத்தான் பார்க்கிறது. படகுக்காரர்கள் ‘எக்கோ’ என்று சொல்லும் இந்தக் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் வரைகிறது. மீன் சதைக்கும் கடல் தண்ணீருக்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லாததால் சதையில் பட்ட ஒலி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். காற்றில் பட்டால்தான் பலமாகத் திரும்பும். காற்றுப் பை உள்ள மீனிலிருந்து வரும் எதிரொலியில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தப் பையிலிருந்து வருவதுதான். வஞ்சிரம், சூரை, சுறா, திருக்கை, கணவாய் எல்லாம் பை இல்லாத இனங்கள். ஒரு கிலோ சங்கரா திரையில் அழுத்தமாக விழும். ஐந்து கிலோ வஞ்சிரம் மெல்லிய கீற்றாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

சென்னைக் கரையில் இந்தக் கருவியை வாங்குகிறவர்களில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் மீன் மீனாகவே நீந்துகிறது. கடலில் அப்படி எதுவும் தெரியாது. கருவி நம்பகமாகக் காட்டுவது மூன்றை: ஆழம், தரை, இரைமீன் கூட்டம். நெத்திலிக்கும் மத்திக்கும் காற்றுப் பை உண்டு. ஆயிரக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போது அவை திரையில் மேகமாகத் திரளும். அந்த மேகம் நடுவில் பிய்ந்திருந்தால், அல்லது கீழிருந்து நெருக்கப்பட்டு மேலே குவிந்திருந்தால், துரத்துகிற பெரிய மீன் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வஞ்சிரத்தை இப்படித்தான் தேட முடியும். கயாக்கில் எக்கோ பொருத்தும் ஒவ்வொரு முடிவும் இதை மனதில் வைத்து எடுக்க வேண்டிய முடிவு.

கட்டுமரத்துக்கு நெருங்கிய உறவு

சென்னையில் கயாக் மீன்பிடிப்பு இன்னும் சிறிய வட்டம்தான். கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் கயாக் ஓட்டப் பழகியவர்கள், தூண்டில் ஆர்வம் உள்ள இளைஞர்கள், விடுமுறை நாளில் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர் துடுப்புப் போட்டுப் போய்வரும் அலுவலகக்காரர்கள். அவர்கள் உட்கார்ந்து போகிற வாகனத்தை ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டினால் அவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மேலே உட்காருகிற வகைக் கயாக்கில் தண்ணீர் ஏறினால், அடிவரை போகும் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கட்டுமரமும் அதே தத்துவத்தில்தான் அலையைக் கடந்தது. மரங்களின் இடுக்கில் தண்ணீர் ஏறி இறங்கும். நிறையவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது. அகலமான அலையடிக் கரையும் துறைமுகமில்லாத மணலும் கொண்ட சோழமண்டலக் கடற்கரைக்கு அதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது என்பதை, சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் போன்றவர்கள் நூறாண்டுக்கு முன்பே வியந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1979ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் கரையேறக்கூடிய புதிய படகுகளை 1980களில் வடிவமைத்துப் பார்த்தது. அதன் அலுவலகம் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன, கட்டுமரம் ஒதுங்கியது. ஃபைபர் படகில் இன்ஜின் உண்டு, வேகம் உண்டு, ஜிபிஎஸ் உண்டு. கயாக்கில் போகிறவன் மறுபடி கட்டுமரக்காரனின் இடத்துக்கு வருகிறான்: தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், கை பலத்தை மட்டும் நம்பி, முழுக்க நனைந்து. மின்கருவி எதற்கும் இதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. ஆனால் எதிரொலி கேட்க இதைவிட நல்ல இடமும் கிடையாது. இன்ஜின் இரைச்சலும் விசிறி கிளப்பும் குமிழியும் இல்லாத கலத்திலிருந்து கேட்கும் எதிரொலி துல்லியமாக இருக்கும்.

ஒலியைத் தேடிய கதை

மீனைக் காதால் தேடுவது தமிழர்களுக்குப் புதிதில்லை. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தருகே, நிலவு இரவில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால் கீழிருந்து ஒரு ரீங்காரம் கேட்கும் என்பது அந்த ஊரின் பெருமை. பாடும் மீன் நாடு என்றே மட்டக்களப்புக்குப் பெயர். இலங்கையில் குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், அந்த ஒலியைத் தான் கேட்டதை 1859ல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். நம் கரையில் கிடைக்கும் கத்தாழை மீனும் காற்றுப் பையை ஒட்டிய தசையை அதிரவைத்து முரசு போல ஒலி எழுப்பும் இனம்.

இதெல்லாம் மீன் எழுப்பும் ஒலியைக் கேட்பது. நாமே ஒலியை அனுப்பி அது திரும்புவதைக் கேட்கும் முறை, 1912ல் டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு பனிப்பாறைகளைக் கண்டுபிடிக்க நடந்த முயற்சிகளிலும், முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய ஆராய்ச்சியிலும் வளர்ந்தது. அதை மீனவரின் கைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த கியோடகா ஃபுருனோ. மீன்பிடிப் படகுகளில் மின் வேலை செய்துவந்தவர். மீன் இருக்கும் இடத்தில் நீர்க்குமிழிகள் எழும் என்று ஒரு மீனவர் அவரிடம் சொல்ல, குமிழியில் ஒலி பட்டுத் திரும்புமே என்று அவருடைய புத்தி ஓடியது. போரில் மிஞ்சிய கடற்படை ஆழமானிகளை வாங்கிப் பிரித்து, மாற்றிக் கட்டி, 1948ல் உலகின் முதல் நடைமுறை மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்தக் கருவியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. தொடக்கமே ஒரு மீனவரின் கவனிப்பிலிருந்துதான்.

இன்று கைக்கு அடக்கமான கருவிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நம் வெதுவெதுப்பான கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் பாய்கிறது. 10 பாகம், அதாவது ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7.7 மில்லிமீட்டர். 50 கிலோஹெர்ட்ஸில் 3 சென்டிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய நுணுக்கம் கூடும். ஆழம் போகும் திறன் குறையும். கயாக் போகிற 5 முதல் 20 பாகத் தண்ணீருக்கு 200ஐ ஒட்டிய அலைவரிசை தாராளம். ஒரே அலைவரிசையைத் தட்டாமல் ஒரு வீச்சு முழுவதையும் தடவிச் செல்லும் ‘சிர்ப்’ வகை கிடைத்தால் அதையே வாங்கலாம். அடுத்தடுத்து நிற்கும் மீன்களையும், தரையை ஒட்டி நிற்கும் மீனையும் அது பிரித்துக் காட்டும். 50, 83 கிலோஹெர்ட்ஸ் ஒலிகள் ஓங்கில்களின் (டால்பின்களின்) காதுக்கு எட்டுபவை என்பதால், நம் கரையை ஒட்டி ஓங்கில் கூட்டம் வரும்போதாவது அவற்றை அணைத்துவிடுவது நல்லது.

முதலில் பேட்டரி

கருவி வாங்கியதும் எல்லாரும் திரையில்தான் கவனம் வைக்கிறார்கள். கயாக்கில் முதலில் பழுதாவது மின் இணைப்பு. அதிலிருந்தே தொடங்குவோம்.

5 அங்குலம் முதல் 7 அங்குலம் வரை திரை உள்ள கருவி, வெளிச்சத்தைப் பொறுத்து அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். யுபிஎஸ்ஸில் போடும் மூடிய ஈய-அமில பேட்டரி ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலை குறைவு. ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுளும் குறைந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதே கொள்ளளவில் பாதி எடைகூட இருக்காது. கடைசி வரை மின்னழுத்தம் இறங்காமல் நிற்கும். அதற்கென்று தனி சார்ஜர் வேண்டும். என் தேர்வு லித்தியம்தான். கயாக்கைத் தலைக்குமேல் தூக்கி மணலில் நடக்கும்போது ஒவ்வொரு அரைக் கிலோவும் தெரியும்.

பேட்டரியிலிருந்து கிளம்பும் பிளஸ் வயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும். கருவியின் கையேடு சொல்லும் அளவுதான், பொதுவாக 3 ஆம்பியர். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கலம் கவிழ்ந்து இணைப்பு நனைந்தால் ஃபியூஸ் இல்லாத பேட்டரி தன்னையே சூடாக்கிக்கொள்ளும். வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். சாதாரணச் செம்பு ஒரே பருவத்தில் உள்ளுக்குள் பச்சை பூத்துப் பொடியாகும். வெளி உறை மட்டும் புதிதாகவே இருப்பதால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. இணைப்புகளைப் பற்றவைத்த பிறகு, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள். இன்சுலேஷன் டேப் கடலில் ஒரு வாரம் நிற்காது.

பேட்டரியை ரப்பர் வளையம் உள்ள தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து, இருக்கைக்குப் பின்னால், தரையோடு தரையாகப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். அலையில் கவிழும்போது அது கழன்று உருண்டால் கயாக்கை நிமிர்த்துவது கஷ்டம். இன்னொன்று, சித்திரை வெயிலில் மணலில் கிடக்கும் மூடிய டப்பாவின் உள்சூடு பேட்டரிக்கு ஆகாது. கரையேறியதும் டப்பாவை முதலில் நிழலுக்குக் கொண்டுபோங்கள்.

ஒலி கிளம்பும் இடம்

டிரான்ஸ்டியூசர் என்பதுதான் ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பு. அதை எங்கே வைப்பது என்பதில் உலகமெங்கும் கயாக்காரர்கள் மூன்று வழி வைத்திருக்கிறார்கள். சென்னைக் கரைக்கு மூன்றும் சமமாகப் பொருந்தாது.

பக்கவாட்டில் ஒரு கை நீட்டி, தண்ணீருக்குள் இறக்கிவைப்பது எளிது. ஓட்டை போட வேண்டாம், கழற்றி மாட்டலாம். முட்டுக்காடு காயல், பழவேற்காடு ஏரி போன்ற அமைதியான தண்ணீருக்கு இதுவே போதும். எலியட்ஸ் கடற்கரையிலோ பட்டினப்பாக்கத்திலோ அலையடியைக் கடக்கும்போது அந்தக் கை முதல் அலையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

வடிகால் ஓட்டைக்குள் டிரான்ஸ்டியூசரை ஏற்றுவது இரண்டாவது வழி. பல கயாக்குகளில் அதற்கென்றே அடியில் ஒரு குழிவு விட்டிருக்கிறார்கள். தண்ணீரை நேரடியாகத் தொடுவதால் எதிரொலி பலமாக வரும். தண்ணீரின் வெப்பநிலையும் சரியாகக் கிடைக்கும். அடிமட்டத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் ஊரில் கயாக்கை மணலில் இழுக்காமல் கடலுக்குப் போக முடியாது. குழிவு ஆழமாக இருந்து, இழுக்கும்போது சொருகும் மணலைக் கழுவிவிடும் பழக்கமும் இருந்தால் என் பரிந்துரை இதுதான்.

மூன்றாவது, கயாக்கின் உட்புறத்தில், அடிப்பரப்பின் மேல் ஒட்டிவைத்து பிளாஸ்டிக் வழியாகவே ஒலியை அனுப்புவது. வார்த்தெடுத்த பாலிஎத்திலீன் உடலும், நடுவில் நுரை வைக்காத கெட்டி ஃபைபரும் ஒலியை விடும். வெளியே எதுவும் இல்லாததால் அலையோ மணலோ அதைத் தொடாது. பலம் கொஞ்சம் குறையும். வெப்பநிலை என்று அது காட்டுவது கயாக்கின் உடல் சூடு. பக்கவாட்டுப் படம் எடுக்கும் வகைக் கருவிகள் இப்படி வேலை செய்யாது. ஒட்டும் பொருளுக்குள் ஒரு காற்றுக் குமிழிகூடச் சிக்கக் கூடாது. மீனின் காற்றுப் பை எப்படி ஒலியைத் திருப்பி அனுப்புகிறதோ அப்படியே இந்தக் குமிழியும் அனுப்பிவிடும். கடலுக்குள் எதுவும் போகாது. ஒட்டுவதற்கு முன் கயாக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் டிரான்ஸ்டியூசரை வைத்து வெவ்வேறு இடங்களில் ஆழம் பார்த்துவிட்டு, நன்றாகக் காட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசைகள் பிடிக்காது என்பதால் சுற்றிலும் நுரைத் துண்டால் அணை கட்டிப் பிடித்துவைப்பது பாதுகாப்பு.

வயரை உள்ளே கொண்டுபோகும் ஓட்டை நீர்மட்டத்துக்கு மேல், பக்கவாட்டில் இருக்கட்டும். ரப்பர் இறுக்கி உள்ள கிளாண்டு போட்டு மூடுங்கள். நீளம் மிஞ்சினால் வயரை வெட்டவே கூடாது. பெரிய வளையமாகச் சுற்றி உள்ளே கட்டிவிடுங்கள். துணைக்குச் சிறு மின்மோட்டார் வைத்திருப்பவர்கள் அதற்குத் தனி பேட்டரி, தனி வழி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கோடு விழும். ஸ்க்ரூ எல்லாம் 316 தர எவர்சில்வர்.

திரைக்கு இடம் பார்க்கும்போது நம் கடற்கரையின் திசையை நினைவில் கொள்ளுங்கள். விடியற்காலை கிழக்கே போகிறோம். சூரியன் திரையின் முதுகில் அடிக்கும், படம் பளிச்சென்று தெரியும். ஒன்பது மணிக்குத் திரும்புகிறபோது வெயில் நம் தோளுக்கு மேலாக நேரே திரையில் விழும். கரையில் வைத்துப் பார்த்துச் சரி என்று இறுக்கிவிடாமல், சாய்க்கவும் திருப்பவும் முடிகிற தாங்கி போடுங்கள். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம். சில கோணங்களில் திரை கறுத்துவிடும். அலையடியைத் தாண்டும்வரை திரை அதன் தாங்கியில் இருக்கவே வேண்டாம். கழற்றி உள்ளறையில் வைத்துவிட்டு, வெளியே போனபின் மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

தரையைப் படிப்பது

கடலில் இறங்கியதும் மீன் உருவம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். கருவி தன் கணக்கில் எதையோ மீன் என்று முடிவு செய்து பொம்மை போடுகிறது. மிதக்கும் பாலித்தீன் பையும் அதற்கு மீன்தான். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அடையாற்று முகத்துவாரத்துக்கு வெளியே கருவியைப் போட்டால் திரை முழுக்க மீன் நீந்தும். அத்தனையும் ஆறு கொண்டுவந்து தள்ளிய குப்பை.

உணர்திறனைத் தானியங்கியில் விடாமல் கையால் ஏற்றுங்கள். திரையில் புள்ளிகள் சிதறத் தொடங்கும்வரை ஏற்றி, பின் ஒரு படி இறக்க வேண்டும். வஞ்சிரத்தின் மெல்லிய கீற்று தெரிய வாய்ப்புள்ளது இந்த எல்லையில்தான். தானியங்கி அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும்.

திரையின் வலது ஓரம் மட்டுமே இந்த நொடி. மற்றதெல்லாம் கடந்து வந்த தண்ணீர். இதை மறந்துவிட்டு, இடதுபுறம் நகர்ந்துபோன கறையின் மேல் தூண்டில் இறக்குகிறவர்கள் உண்டு. அதே போல, புகழ்பெற்ற அந்த வில் வடிவம் கலம் மீனைக் கடக்கும்போது மட்டுமே வரும். மீன் கூம்பின் விளிம்புக்குள் நுழைகையில் தூரம் அதிகம், நேர் கீழே வருகையில் குறைவு, வெளியேறுகையில் மறுபடி அதிகம், அதுதான் வில். கயாக் அசையாமல் நின்று மீனும் கீழே நின்றால் நீண்ட கோடுதான் விழும். கூம்பின் அகலமும் தெரிந்திருக்க வேண்டும். 20 பாகைக் கூம்பு 10 பாகம் ஆழத்தில் ஆறு மீட்டர் அகலத்தை மட்டுமே பார்க்கிறது. கடல் எவ்வளவு பெரிது, நாம் பார்ப்பது எவ்வளவு சிறிது என்று அப்போதுதான் புரியும்.

ஆகவே தரை. சென்னைக்கு முன்னால் பெரும்பாலும் மணலும் சேறும். சேறு ஒலியை உறிஞ்சும். தரைக்கோடு தடிமனாகவும் மங்கலாகவும் விழும். கெட்டித் தரையில் கோடு மெலிந்து பளிச்சென்று இருக்கும். ஆழத்தின் இருமடங்கில் இரண்டாவது எதிரொலி ஒன்றும் தெரியும். ஒலி தரையில் பட்டு, நீர்ப்பரப்பில் பட்டு, மறுபடி தரைக்குப் போய்வந்த தடயம் அது. சேற்றின் நடுவே திடீரென்று இரண்டாவது கோடு தோன்றினால் கீழே பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கிறது. களவா, சங்கரா, பாறை மீன் எல்லாம் பாரை ஒட்டி வாழ்பவை. சாந்தோம் நெடுஞ்சாலையில் ஆய்வு மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தமிழகக் கரையோரம் பல இடங்களில் கான்கிரீட் உருவங்களை இறக்கிச் செயற்கைப் பார்களை அமைத்திருக்கிறது. மீன் சேரும் இடத்தை உருவாக்கும் அந்த வேலை, பார் என்றால் என்ன என்பதைத் தலைமுறைகளாக அறிந்த குப்பங்களின் அறிவோடு ஒத்துப்போவது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் வைத்து மீன் கூடக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. தரமணி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. ஃபைபர் படகுக்கு அது பயன்படும். அந்தப் பகுதிகளில் பல கயாக்குக்கு எட்டாத தூரம். கயாக்காரர் அதே செயலியில் பார்க்க வேண்டியது அலை உயரமும் காற்றும்தான்.

யாருடைய பார்?

ஜிபிஎஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாரின் இடம் பதிவாகிவிடும். அதற்கு முன்பு இந்தக் கரையில் அதே இடத்துக்குத் திரும்பிப் போனது எப்படி? ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்தார்கள். குண்டு தட்டும் அதிர்விலேயே சேறா, மணலா, கல்லா என்று கை சொல்லியது. இடத்துக்குக் கரை அடையாளம். சாந்தோம் பேராலயத்தின் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் வேறொரு உயரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு திசையில் 1977லிருந்து நிற்கும் மெரினா கலங்கரை விளக்கமோ பரங்கிமலையோ இன்னொன்றோடு சேர வேண்டும். இரண்டு கோடுகள் வெட்டும் இடம்தான் பார். அதற்கு பேட்டரி தேவைப்படவில்லை, நினைவு தேவைப்பட்டது. எந்தக் காற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த நாளில் கலங்கும் என்ற அறிவும் அதோடு சேர்ந்தது. ஊரூர் குப்பத்தின் மூத்த மீனவர் எஸ்.பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய இந்த அறிவைப் பொதுவெளியில் விளக்கிச் சொல்லிவந்தவர். அது விஞ்ஞானம் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு முறை அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த அறிவின் மேல்தான் நம் திரை வந்து உட்காருகிறது. கயாக்காரர் ஒருவர் ஒரு காலையில் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் பார், ஏதோ ஒரு குப்பத்தின் தூண்டில்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து அளவோடு பயன்படுத்திவரும் இடமாக இருக்கலாம். அதன் இருப்பிடத்தைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது தவறு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். சென்னை போன்ற நகரத்தில் வார இறுதியில் இருபது பேர் ஒரே பாரின் மேல் வந்து நின்றால், களவா போன்ற மெதுவாக வளரும் மீன் அங்கே தங்காது. விளையாட்டுக்குப் போகிறவருக்கு அடுத்த வாரம் வேறு பார். தொழிலுக்குப் போகிறவருக்கு அடுப்பு எரிய வேண்டும். இழுவைப் படகுகளைக் கரையோரத்திலிருந்து விலக்கிவைக்க 1983லேயே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது சிறுதொழில் மீனவரின் இந்த இடத்தைக் காக்கத்தான். நம் கயாக் அங்கே விருந்தாளி.

அதனால் கருவி பொருத்தியபின் செய்ய வேண்டிய முதல் காரியம் குப்பத்தில் போய்ப் பேசுவது. எந்த இடத்தில் வலை கிடக்கும், எங்கே தூண்டில் போடலாம், இன்றைக்குக் காற்று எப்போது திரும்பும் என்று கேட்டால் சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்துத் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்து ஆட்களை மீட்டவர்கள் மீனவர்கள். கடலில் கயாக் கவிழ்ந்தாலும் முதலில் வந்து சேரப்போவது அவர்களுடைய படகுதான். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், எந்த நேரத்துக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து. மிதவைச் சட்டையைக் கழற்றவே கூடாது. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 இரண்டும் கைபேசியில் இருக்கட்டும். கைபேசி தண்ணீர் புகாத உறையில், உடம்போடு கட்டி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குப்பத்து ஃபைபர் படகுகளிலும் எக்கோ ஏறிவருகிறது. ஒலியும் காற்றுப் பையும் உணர்திறனும் பற்றி எடுத்துச்சொல்ல ஆள் இருந்தால், அந்தத் திரையிலிருந்து நம்மைவிடப் பத்து மடங்கு அதிகம் படிக்கக்கூடியவர்கள் அவர்கள். கீழே இருப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சாந்தோமில் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம், தரமணியில் சுவாமிநாதன் நிறுவனம், பள்ளிக்கரணையில், 1993ல் தொடங்கப்பட்டுக் கடலடி ஒலியியலையும் ஆராய்ந்துவரும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். மூன்றும் தென்சென்னையின் குப்பங்களிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயண தூரத்துக்குள் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் ஒரு வாரத்தை ஒதுக்கி, எக்கோ திரையைப் படிப்பது பற்றித் தமிழில் ஒரு வகுப்பு நடத்த இந்த நிறுவனங்களால் முடியும். பாகக் கணக்கில் ஆழம், சேறு மணல் பார் மூன்றுக்கும் நம் கடலிலேயே எடுத்த எக்கோ திரையின் படங்கள், எந்த மீனுக்குப் பை உண்டு எதற்கு இல்லை என்று சந்தைப் பெயர்களோடு ஒரு பட்டியல், இவ்வளவும் கொண்ட சிறு கையேடு ஒன்றும் வேண்டும். எழுதும்போது நொச்சிக்குப்பத்திலிருந்தும் ஊரூர் குப்பத்திலிருந்தும் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பில் கயாக்காரர்களுக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தால் போதும்.